பறக்கும் பாடம் இல்லாமல் பயம் புரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டிய அமெரிக்கர் ராபர்ட் மேசனின் போர் நினைவு நூலான ‘சிக்கன்ஹாக்’ (1983) பற்றி வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். பறக்கக் கற்றுக்கொடுக்கும் பாடமே அதில் அதிகம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் உயிர். இடது கை மேலே தூக்கும் நெம்புகோலில், வலது கை திசைக் கம்பில், கால்கள் இரண்டும் பெடலில். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் கெடும். இதோடு அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோடு வண்டி ஏற்றியவன் நான். கையும் காலும் காதும் தனித்தனியாக வேலை பார்ப்பது கொஞ்சம் தெரியும். அப்புறம் 1965 நவம்பர், அமெரிக்கப் படையும் வட வியட்நாம் படையும் மோதிய யா திராங் பள்ளத்தாக்குச் சண்டை வருகிறது. சூட்டில் காற்று மெலிந்தால், பாரம் ஏற்றிய ஹெலிகாப்டர் எழும்பத் திணறும். கீழே சுடுகிறார்கள். முன்னால் பாடம் படித்திருந்ததால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வியட்நாம் மக்களின் குரல் போதவில்லை என்று இன்னொருவர் எழுதியது சரி. ஆனால் ஊர் திரும்பியபின் தூக்கம் கெட்டு, குடித்து, கடைசியில் கஞ்சா கடத்திப் பிடிபட்டதையும் மேசன் மறைக்கவில்லையே? இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

வட வியட்நாம் சிப்பாய்கள் எழுதியவற்றையும் உங்கள் பக்கத்தில் அறிமுகம் செய்யுங்கள்.

– ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், நாமக்கல்