கல்லமேட்டு எலும்பும் ஒரு சுறாப் பல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 22 வருடம் டிப்பர் ஓட்டியவன் நான். ஒருநாள் டயரில் சிக்கிய கல்லை நோண்டி எடுத்தால், பளபளவென்று ஒரு சுறாப் பல்! சுறாவின் உடம்புக்குள் இருப்பது குருத்தெலும்பு, செத்ததும் அழுகிவிடும். பல்லோ கெட்டி. கடலடிச் சேற்றில் புதைந்து கோடிக்கணக்கான வருடம் தாங்கியிருக்கிறது. எங்கள் ஊரே அப்போது கடல்தானே.

எலும்பின் கதை வேறு. அதன் துளைகளில் தாதுநீர் ஊறிக் கல்லானாலும், மேலே தலைகாட்டியபின் வெயில் மழை பட்டால் பொடிந்துவிடும். எங்கள் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்து, 1980களில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த பிருகத்காயோசாரஸ் டைனோசருக்கு அதுதான் நேர்ந்தது. கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர்! இன்று மிச்சம் படங்கள்தான். எலும்பே இல்லை, கல்மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

உடைந்த காலுக்குப் போடுவதுபோல் மாவுக்கட்டுப் போட்டுத்தான் இப்படிப்பட்ட எலும்புகளைத் தூக்க வேண்டுமாம். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தின் தொலைபேசி எண்ணையாவது ஒவ்வொரு சுரங்க வாசலிலும் எழுதி வைக்கட்டும். வெடி வைப்பதற்கு முன்னால் ஒரு போன் போடலாமே.

அப்புறம், அந்தப் பல் பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கேட்டால் கொடுக்கச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
அரியலூர்