பாட்டியின் பாம்படத்தை ஜிமிக்கி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் எங்களுக்குப் பழைய படங்களைச் சரிசெய்கிற வேலைதான் அதிகம். கண்ணாடியோடு ஒட்டிப்போனது, பூஞ்சை பிடித்தது, 2005 ஜூலை 26 வெள்ளத்தில் ஊறி முகம் பாதி கரைந்தது (ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழை அது) என்று கொண்டுவருவார்கள். ‘அப்பா படம் இது ஒண்ணுதான் இருக்கு, மாலை போட்டு மாட்டணும், தெளிவா பண்ணிக் கொடுங்க’ என்பார்கள்.

இப்போது பல கடைகளில் அந்தப் படத்தை ஏதோ ஒரு செல்போன் செயலியில் ஏற்றி, வருவதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் அது அவர்களுடைய அப்பா இல்லை, வேறு யாரோ. அப்புறம், வீட்டுப் பெண்களின் படம், இறந்தவர்களின் படம் எல்லாம் யாருடைய சர்வருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரியாது.

இதை நம் கடைக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். படம் வரைகிற செயற்கை நுண்ணறிவு மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியானது, பிறகு அதே மாதிரி எஸ்டிஎக்ஸ்எல், ஃப்ளக்ஸ் என்ற மாடல்களெல்லாம் வந்துவிட்டன. இந்த மாடல்களை ஓட்டுகிற கம்ஃபியூஐ என்ற இலவச மென்பொருளும் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் எஸ்டிஎக்ஸ்எல் ஓடும். மாடலை ஒரு தடவை இறக்கிவிட்டால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டே வேலை பார்க்கலாம், படம் கடையை விட்டு வெளியே போகாது.

எதை எவ்வளவு மாற்றுவது என்பதும் நம் கையில் இருக்கும். அதில் டீநாய்ஸ் என்று 0 முதல் 1 வரை ஒரு அளவு உண்டு. 0.2, 0.3 என்று வைத்தால் படத்தில் இருப்பதை ஒட்டியே போகும். 0.6, 0.7 என்று ஏற்றினால் மாடல் தன் இஷ்டத்துக்கு ஒரு முகத்தை வரைந்துவிடும், அதுவும் தோலின் துவாரம் வரை நிஜம் மாதிரியே இருப்பதால் பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். அதனால் கிழிந்த ஓரம், சட்டை, சுவர் இவற்றுக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் குறித்து) இன்பெயின்டிங் (குறித்த இடத்தை மட்டும் மாடலை வரையவைப்பது) செய்யுங்கள், கண் மூக்கு வாயைத் தொடாதீர்கள்.

இங்கே நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. பாம்படம் என்ற கனத்த காதணி போட்ட பாட்டியின் படத்தை மாடலின் போக்கில் விட்டால், வளர்த்த காதைச் சுருக்கி ஒரு ஜிமிக்கியை மாட்டிவிடுகிறது. இணையத்தில் திரட்டிய 585 கோடி படங்கள் கொண்ட லையான் தொகுப்பிலிருந்து, பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புள்ள படங்களை எடுத்துத்தான் முதல் ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பழக்கினார்கள், நம் பாட்டிகள் அதில் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்? ஆனால் மாடல் நம்மிடமே இருப்பதால் நாமே சொல்லிக்கொடுக்கலாம். வீட்டாரின் சம்மதத்தோடு பாம்படப் படங்கள் இருபது முப்பது சேர்ந்தால் ஒரு லோரா (மாடலோடு சேர்த்து ஓட்டுகிற சின்னக் கூடுதல் கோப்பு) பழக்கிவிட முடியும், அதை எல்லா ஸ்டூடியோக்காரர்களும் பகிர்ந்துகொள்ளலாம். நான் சேர்க்கத் தயார், மற்றவர்களும் வர வேண்டும்.

பிரிண்ட் போடும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் திரை முன்னால் உட்காரவைத்து, எந்த இடம் பழையது, எந்த இடம் மெஷின் வரைந்தது என்று காட்டிவிடுங்கள். மூலப்படத்தின் ஸ்கேனைத் தொடாமல் அப்படியே சேர்த்துக் கொடுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்காதீர்கள். இந்த மென்பொருள்களைப் பற்றிய விளக்கமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது, உங்கள் பத்திரிகை இதைத் தமிழில் வாராவாரம் வெளியிட்டால் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

— ஸ்டூடியோ உரிமையாளர், தாராவி, மும்பை