அந்த ஷாப்டை உலையில் வைப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி பட்டறைக்குப் போகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உப்புநீர் பம்பின் எஃகு ஷாப்டுக்கு (சுழல்தண்டுக்கு) எலக்ட்ரோலெஸ் நிக்கல், அதாவது மின்சாரம் இல்லாமல் ரசாயனத் தொட்டியில் படிய வைக்கும் நிக்கல் முலாம் போட்டாயிற்று, இனி 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கலாமா என்கிறாய். அவசரப்படாதே.

தேய்மானம் மட்டும் பிரச்சினை என்றால் தாராளமாக வை. தொட்டியிலிருந்து எடுக்கும்போது விக்கர்ஸ் என்ற கடின அளவில் 500, 600 இருக்கும் கடினம், அந்தச் சூட்டில் 900, 1000 வரை ஏறும். நிக்கலோடு கலந்து கிடக்கும் பாஸ்பரஸ், நிக்கல் பாஸ்பைடு என்ற கெட்டியான நுண்துகள்களாகப் பிரிவதால் வரும் பலம் அது.

ஆனால் உன் முலாமில் பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல் என்றாயே. அது போட்ட நிலையில் கண்ணாடி மாதிரி, படிக எல்லைகளே இல்லாமல் இருக்கும். உப்பு நுழைய இடுக்கு கிடைக்காது. உலையில் வைத்தால் படிகமாகிச் சுருங்கும், மயிரிழை விரிசல் விடும். விரிசல் எஃகு வரை போய்விட்டால் நிக்கல் உதவாது. துத்தநாக முலாமாவது தான் கரைந்து எஃகைக் காக்கும். இங்கே கரைவது எஃகுதான், அதுவும் ஒரே இடத்தில் குழியாக.

ஒரு வால்வு தண்டில் நானே இந்தத் தவறைச் செய்தேன். சில மாதம் கழித்துக் கழற்றியபோது தேய்மானம் துளியும் இல்லை, மேற்பரப்பு பளபளவென்று இருந்தது. நடுவில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு, ஊசி இறங்கும் ஆழத்துக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

என்னைக் கேட்டால் ஷாப்டைச் சூடாக்காமல், முலாம் போட்டபடியே விடு. முலாம் 50 மைக்ரானுக்குக் குறைய வேண்டாம். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் உரசும் இடத்துக்கு மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ஒரு கடின ஸ்லீவ் (குழாய் போன்ற உறை) போடு. ஸ்லீவுக்கு இடமே இல்லையென்றால் 260, 290 டிகிரிக்குள் பல மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கடினம் ஓரளவு கூடும், விரிசல் பயமும் குறைவு. முலாம் போடும்போது எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்குவது தனிக் கணக்கு, அதை இதோடு சேர்க்காதே.

அப்புறம், தண்ணீரோடு மணல் வருமா என்று நீ எழுதவே இல்லை. முதலில் அதைச் சொல். அதுவரை உலையை மூட்டாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்