அந்தத் துணி மூட்டைக்கு நன்றி

ஜான்சி ராணுவக் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்த நண்பர்களுக்கும், எங்கள் ஊர்ப் பட்டாளத்துப் பெரியவர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று முன்தினம் மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த 22 நாள்களில் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதி நாள்கள் நீங்களே அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஆகவே அதை மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு இன்னும் தூக்கம் சரியாகப் பிடிபடவில்லை. லிஃப்ட் மணி காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் படபடப்பு அடங்கியபின் எழுதினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்று தோன்றியதால் இப்போதே எழுதுகிறேன்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அவர்களில் இரவு வேலை முடித்துக் கண் சிவக்க நேராக வந்து நின்றவருக்கும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் காகிதங்களை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக்குக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கும், ஊரிலிருந்து முறை வைத்துக்கொண்டு இரவுக் காவலுக்கு வந்த பெரியப்பா, சித்தப்பாமார்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போயிருப்பார். கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. அந்த மனிதர்கள் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் எழுப்பிக் காவல் மாற்றிக்கொண்டதைப் பார்த்து, இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிரித்தார். அன்று நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அந்தச் சகோதரிக்கும் நன்றி.

இத்தனை பேருக்கும் ஒரே பத்தியில் நன்றி சொல்லிவிட்டு, துணி துவைத்துக் கொடுத்த ஒருத்திக்கு மிச்சம் முழுவதையும் ஒதுக்குவது நியாயமா என்று தம்பி கேட்டான். நியாயமில்லைதான். நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான்காம் நாள் மாலை அவள் வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. 2004-ல் ஜான்சி ரயில் நிலையத்தில் கடைசியாகப் பார்த்தபோது எட்டு வயதுச் சிறுமியாக இருந்தவளை, கைப்பையும் அலுவலக அட்டையுமாக எதிரில் நிற்கும்போது எப்படித் தெரியும்? "சாத்தாரா ஆன்ட்டியின் மகள்" என்று அவளே சொன்னாள். நம் வாட்ஸ்அப் குழுவில் அவளும் இருக்கிறாள் என்பதும், இரண்டு ஆண்டுகளாகச் சென்னையில்தான் வேலை பார்க்கிறாள் என்பதும் அதற்குப் பிறகே தெரிந்தது. குழுவில் அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. பழம் கொண்டுவரவில்லை, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பத்து நிமிடம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு குனிந்து, பெஞ்சுக்கு அடியில் நாங்கள் திணித்து வைத்திருந்த அழுக்குத் துணிப் பையை இழுத்து எடுத்துக்கொண்டாள். "ஐயோ, அதை எதற்கு" என்று நான் எழுந்தபோது, "நாளை சாயங்காலம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை அதே பை வந்தது. அம்மாவின் சேலைகள் மடிப்புக் கலையாமல் மேலே இருந்தன. அடியில் தம்பியின் சட்டைகள், அப்பாவுக்கு மாற்றிவிட்ட பனியன்கள், துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேல் ஊக்குப் போட்டுக் குத்திய ஒரு துண்டுக் காகிதம், நீல மையில், இந்தியில்: சேலை 3, ரவிக்கை 3, சட்டை 4, பனியன் 5, துண்டு 2, சட்டைப் பொத்தான் 1 புதிதாகத் தைத்தது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான்கு நாள்களாக யார் எதிரிலும் அழாதவர். நர்ஸ் ஓடிவந்து என்னவென்று கேட்டபோது, ஒரு சலவைச் சீட்டுக்காக அழுகிறார் என்று நான் எப்படி விளக்குவது?

விளக்க வேண்டுமென்றால் 2002-க்குப் போக வேண்டும். குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியலில் அப்பாவின் எண் மேலே வந்து, ஜான்சியில் எங்களுக்கு முதல் முறையாகக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னும் பின்னும் வராந்தா, மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், கதவின்மேல் வெள்ளை எண். கட்டிலுக்கும் நாற்காலிக்கும்கூடப் பெயின்ட்டில் எண் உண்டு. அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டிகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு மேலே படுக்கை விரிப்பை விரித்தால் அதுதான் சோபா. எங்கள் சமையலறைக்கும் அடுத்த வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் முதலில் பார்த்தவர் கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு முறை தட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் சாத்தாரா ஆன்ட்டி. மகாராஷ்டிரத்துச் சாத்தாரா அவர் ஊர்; குவார்ட்டர்ஸில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் நிற்பதில்லை. எங்கள் அம்மா மூன்று ஆண்டும் "மதராசி பாபி"யாகவே, அதாவது மதராஸ் அண்ணியாகவே இருந்தார்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்று படைகள் எல்லைக்கு நகர்ந்ததை நம் குழுவில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சில வாரங்களில் நம் வரிசையில் அப்பாக்களே இல்லை. போர் என்று ஒன்று நடக்கவில்லை என்பார்கள்; ஆனால் கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் செத்தவர்கள் செத்ததுதான், காலை இழந்தவர்கள் இழந்ததுதான். யூனிட் ஜீப் வரிசைக்குள் திரும்பினால் போதும், அத்தனை கதவுகளிலும் பெண்கள் வந்து நிற்பார்கள். ஜீப் யார் வீட்டையும் தாண்டிப் போகும்வரை யாரும் பேச மாட்டார்கள். நாங்கள் கொல்லைப் பக்கம் கிட்டிப்புள் ஆடிக்கொண்டே, அந்த மௌனத்தை வைத்து ஜீப் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவோம்.

அந்த ஏப்ரல் கடைசியில், தம்பி பிறப்பதற்காக அம்மா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அப்பாவுக்கு விடுப்பு இல்லை, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து அவர் அனுப்பிய இன்லாண்ட் கடிதம் மட்டும் வந்தது. ஊரிலிருந்து பாட்டி புறப்பட்டு வருவதற்கும் வழியில்லாத நிலை. பிரசவம் சிக்கலாகி, அம்மா 12 நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. ஒன்பது வயதான நான் சுவருக்கு அந்தப் பக்கம் குடிபோனேன். ஆன்ட்டி என்னை "வா" என்று அழைக்கவுமில்லை, "பாவம்" என்று சொல்லவுமில்லை. தம் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்தார், அவ்வளவுதான். ஒவ்வோர் இரவும் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, அறைக்குள் கூலரின் முன்னால் நாற்காலி முதுகில் தொங்கவிடுவார். புல் நனைந்த வாசனை காலையில் சட்டையில் இருக்கும். அந்தச் சட்டையோடு, பள்ளிக்கு எங்களை ஏற்றிப்போகும் மூன்று டன் ராணுவ வண்டியின் பின்பலகையில் ஜவான் மாமா என்னைத் தூக்கி ஏற்றும்போது, என் அம்மா வீட்டில் இல்லை என்பது வண்டியில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

எங்கள் வீட்டுச் சாவி ஆன்ட்டியிடம் இருந்தது. எங்கள் டப்பாவிலிருந்து அரிசியோ புளியோ எடுத்தால், மகளின் பழைய நோட்டில் எழுதி வைப்பார். எனக்குச் சோறு வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அரிசியையே எடுத்தார். அவர்கள் வீட்டில் பக்ரி என்னும் தடித்த ரொட்டிதான். அம்மா திரும்பி வந்த அன்று, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பாகவே சாவியையும் நோட்டையும் நீட்டினார்: அரிசி 2 கிலோ, புளி ஓர் உருண்டை, டம்ளர் 1 நசுங்கியது. "இதெல்லாம் எதற்கு பாபி" என்று அம்மா சங்கடப்பட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "கணக்கு இருந்தால்தான் அடுத்த முறையும் கூச்சமில்லாமல் சாவி கொடுப்பீர்கள்." தம்பிக்கு ஆறு மாதம் முடிந்த பிறகுதான் அப்பா அவன் முகத்தைப் பார்த்தார்.

அந்த நோட்டைத்தான் அம்மா அந்தச் சீட்டில் பார்த்தார். சீட்டை எழுதியவளுக்கு 2002-ல் ஆறு வயது. அவளுக்கு அந்த நாள்கள் சரியாக நினைவில்லையாம். பத்தாம் நாள் இரவு நான் சாத்தாராவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பல ஆண்டுகளாகப் பேசாத இந்தி, முதல் வாக்கியத்திலேயே குவார்ட்டர்ஸ் இந்தியாகத் திரும்பி வந்தது. "ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஆப்பிள் கொண்டுவருவார்கள், அது அழுகும். உடுத்தியிருக்கிற துணியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அதைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்" என்றார் ஆன்ட்டி. பிறகு, அப்பா பிழைத்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லாமல், எங்கள் பழைய வரிசையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று நெடுநேரம் பேசினார். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

22 நாள்களில் அந்தப் பை ஒன்பது முறை போய் வந்தது. அலுவலகம் முடித்து, இரண்டு பேருந்து மாறி வந்து, வாடகை அறையின் குளியலறையில் துவைத்து, இரவில் இஸ்திரி போட்டு மீண்டும் சுமந்து வந்திருக்கிறாள். கூலிக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். பனியனில் ரத்தக் கறை இருந்ததால் வெளியில் கொடுக்க மனம் வரவில்லை என்றாள். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்பதால் போடவில்லை. நம் குழுவில் இருப்பவர்களுக்கு அது யார் என்று தெரியாமலா போகும்?

குவார்ட்டர்ஸில் கிடைத்த உதவியைக் கொடுத்தவர்களுக்கே திருப்பிச் செய்ய வாய்ப்பு அமைவது அரிது. மூன்று ஆண்டுக்குள் ஒருவருக்கு மாற்றல் வந்துவிடும். கட்டிலையும் நாற்காலியையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு, டிரங்குப் பெட்டிமேல் புது ஊரின் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவோம். அம்மா சாத்தாரா ஆன்ட்டிக்கு எதையும் திருப்பித் தரவில்லை. அடுத்த ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்து வந்த ஓர் ஒடிசாப் பெண்ணின் இரட்டைக் குழந்தைகளை வளர்த்துக் கொடுத்தார். எனக்கு இப்போது மாற்றலும் இல்லை, பொதுச் சுவரும் இல்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஆப்பிள் வாங்காமல் போய் பெஞ்சுக்கு அடியில் பார்ப்பேன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செய்யாவிட்டால் கேளுங்கள்.

கடைசி மூட்டை நேற்று வீட்டுக்கே வந்தது. அப்பா பணியில் இருந்த காலமெல்லாம் ராணுவ ஸ்டோரில் கழித்தவர். படுத்தபடியே சீட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அம்மாவை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லி எண்ணினார். இன்னும் உரத்துப் பேச முடியவில்லை, இருந்தாலும் மெதுவாக, தெளிவாகச் சொன்னார்: "துண்டு ஒன்று குறைகிறது." சீட்டின் அடியில் அதற்கும் குறிப்பு இருந்தது: துண்டு 1, காயவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரும். அவளைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா அவல் வாங்கி வைத்துவிட்டார்.