இறப்புக்கு முன் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘குடும்பத் தகராறில் பெண் கொலை’ என்று சில வரிகளில் முடிந்துவிடும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்தத் தகராறு எத்தனை ஆண்டுகள் நீடித்தது, அந்தப் பெண் யார் யாரிடம் போய் முறையிட்டார், அவரைச் சமாதானப்படுத்தி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர்கள் யார் என்ற கேள்விகள் என்னை விடுவதில்லை. 2023இல் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவர், துணைவர் அல்லது குடும்பத்தினரால் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டுள்ளது, நாளொன்றுக்கு 140 பேர். இதுவும் மதிப்பீடுதான். கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதைக்கூடப் பல நாடுகள் முறையாகக் குறித்து வைப்பதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கொலைகளுக்குப் பிறகு காவல்துறை, மருத்துவத் துறை, சமூகநலத் துறை ஆகியவை ஒன்றாக அமர்ந்து, எந்தக் கட்டத்தில் அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆராய்வது 2011 முதல் சட்டப்படியான கடமையாக உள்ளது. குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை; இந்த ஆய்வின் நோக்கம் அதுவன்று. இறந்தவரின் பெயரை மறைத்தே அறிக்கைகள் வெளியாகின்றன என்பதால், குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி இத்தகைய ஆய்வை இங்கும் நடத்த மறுக்க முடியாது.

இப்படிப் பதிவு செய்யும்போதுதான் அபாய அறிகுறிகள் துலங்கும். கழுத்தை நெரித்தால் வெளிக்காயம் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே அது சாதாரண அடிதடியாகவே எழுதப்படுகிறது. ஆனால் துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவராலேயே கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ 7 மடங்கு என அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு கண்டது. பிரிந்து செல்ல முடிவெடுக்கும் காலமும் அவ்வாறே ஆபத்தானது.

தற்கொலைகளை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு பாதிதான். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையின் கணக்குப்படி, 2023 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் துணைவரால் கொல்லப்பட்டவர்கள் 80 பேர். வீட்டுக் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்படுவோர் 93 பேர். ‘வாழ்க்கையில் வெறுப்புற்று’ என்று ஒரு தொடரில் மூடப்படும் மரணங்களையும், அதற்கு முன் வந்த புகார்களோடும் மருத்துவக் குறிப்புகளோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியை வெளியிடும்போது, முன்பு புகார் அளிக்கப்பட்டதா, அளிக்கப்பட்டிருந்தால் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் தவறாமல் கேட்டு, கிடைக்கும் பதிலைச் செய்தியோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்