நாலு மணி நேரம்தானா?

அறந்தாங்கி

அன்பு மகள் செல்விக்கு,

இங்கு எல்லோரும் நலம். சிங்கப்பூர் விமான டிக்கெட் வந்து சேர்ந்தது, அச்செடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். "நாலு மணி நேரம்தான்ப்பா, பக்கத்து ஊர் மாதிரி" என்று நீ போனில் சொன்னதை உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

டிக்கெட்டைப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திருச்சியில் இரவு 1 மணிக்குக் கிளம்பி சிங்கப்பூருக்குக் காலை 7.30 என்றால் ஆறரை மணி நேரம் ஆகிறதே என்கிறாள். திரும்பும் டிக்கெட்டோ இரவு 10-க்குக் கிளம்பி 11.30-க்குத் திருச்சி. "வரும்போது மட்டும் ஒன்றரை மணி நேரமா?" அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள், அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று புரியவைப்பதற்குள் இரண்டு காபி முடிந்துவிட்டது.

புவியியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? அட்லஸை எடுத்தேன். திருச்சியிலிருந்து உங்கள் ஊர் விமான நிலையமான சாங்கிக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து 2,930 தான். தெற்கே இருக்கும் திருச்சிதான் பக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சென்னை கிழக்கே தள்ளி இருக்கிறது, அதுதான் விஷயம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 25 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் 1 மணி 40 நிமிடம்தான் முந்தி உதிக்க வேண்டும். கடிகாரத்தை அவர்கள் கூடுதலாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 7 மணி வரை விடியாததன் ரகசியம் இதுதான்.

1982-க்கு முன் இந்த வித்தியாசம் 2 மணி நேரமாகத்தான் இருந்தது. உன் அப்பத்தா இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போன காலத்து மனக்கணக்கு அது. சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகுமாம். கப்பலில் பாதி நாள் வாந்திதான் என்று தாத்தா சொல்வார்.

நாங்கள் வருவது ஆடி மாதம். அந்தச் சமயத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடும். கோட்டேஸ்வரம் என்ற நம் வானிலை அறிஞர் 1950களிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது எதிர்க்காற்று. கொஞ்சம் தாமதமானால் பதறாதே.

உன் நாலு மணி நேரத்தோடு என் கணக்கையும் சேர்த்துக்கொள். திருச்சிக்குக் காரில் இரண்டு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, அங்கே இறங்கி வரிசையில் நின்று பெட்டி எடுக்க ஒரு மணி. ஆக, பத்து மணி நேரம்.

மாப்பிள்ளையை 7.30-க்கே வந்து நிற்க வேண்டாம் என்று சொல். எட்டரைக்கு வந்தால் போதும். ஒன்று மட்டும் மறக்காதே. நாங்கள் இறங்கும்போது நம்மூரில் மணி ஐந்து, உன் அம்மா காபி குடிக்கிற நேரம். பிளாஸ்க்கில் ஊற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பு, சர்க்கரை அரை ஸ்பூன்.

அன்புடன்,
அப்பா