அரையாண்டு விடுமுறையில் அடுப்படிப் பக்கம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மதிப்பெண் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது பள்ளி திறந்த பிறகு வரும். இது சமையலைப் பற்றிய கடிதம்.

பள்ளி நாட்களில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் இங்கேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் மற்ற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது நம் குன்னூர் மலைக்கும் வந்தது. மதியம் சத்துணவு, முட்டை. விடுமுறை விட்டால் இரண்டும் நின்றுவிடும். உங்களில் பாதிப் பேர் விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கவோ ஃபேக்டரி ஷிப்டுக்கோ கிளம்பிவிடுகிறீர்கள். காலையில் வடித்து வைத்த சோறு இந்த டிசம்பர் குளிரில் பதினோரு மணிக்கே விறைத்துப்போகிறது. பிள்ளை அதைத் தொடாமல் பெட்டிக்கடைக்குப் போய் ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. போன விடுமுறையில் கடைத்தெருவில் நடந்து போகும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்ததும் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தவர்கள் யார் யார் என்று சொல்ல மாட்டேன்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. போன வருடம், "விடுமுறையில் ஒரு பதார்த்தம் செய்து படம் அனுப்புங்கள்" என்று வகுப்பு வாட்ஸப் குழுக்களில் போட்டேன். வந்த படங்களைப் பார்த்து மிரண்டுபோனேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முன்னால் மூன்று அடுக்கு கேக். இன்னொரு படத்தில் ஒரு பெண் குழந்தை கரண்டியைப் பிடித்திருக்கிறது, கரண்டியில் மாவே ஒட்டவில்லை. ஜனவரியில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "கேக் எப்படிடா செஞ்ச?" என்று கேட்டேன். "அம்மா செஞ்சாங்க சார், நான் பக்கத்துல நின்னேன்" என்றான். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. போட்டோ கேட்டால் போட்டோதான் வரும். ஆகவே இந்த வருடம் படம் வேண்டாம், வீடியோ வேண்டாம், நோட்டில் எழுதிக்கொண்டு வரவும் வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏதாவது ஒரு பதார்த்தம், முழுக்க முழுக்க உங்கள் பிள்ளையுடையதாக இருக்கட்டும். கடையில் சாமான் வாங்குவதிலிருந்து பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பது வரைக்கும். பூண்டு உரி, கறிவேப்பிலை கிள்ளு என்று நாள் முழுக்க எடுபிடியாக வைத்துக்கொண்டால் உங்களுக்கு உதவி கிடைக்கும், பிள்ளைக்குச் சமையல் வராது. நீங்கள் பத்து நிமிஷத்தில் முடிப்பதை அது ஒரு மணி நேரம் செய்யும். தரையெல்லாம் மாவாகும். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் மகளிடமிருந்து நானே கரண்டியைப் பிடுங்கியிருக்கிறேன். உப்பு கூடிப்போனால் மோரை ஊற்றியாவது சாப்பிட்டுவிடுங்கள். "சூப்பரா இருக்கு" என்று பொய் சொல்ல வேண்டாம். "உப்பு கூடிடுச்சு, நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடு" என்றால் போதும்.

"பையனுக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்கப்போகிறவர்களுக்காக என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவன் நான். தண்ணீர் டம்ளரைக்கூட என் கைக்கு யாராவது கொண்டுவந்து தருவார்கள். 1990களில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு அலுமினியப் பாத்திரம். துவரம்பருப்பைப் போட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்தது. பருப்பு மட்டும் கல் மாதிரி கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சிரித்துக்கொண்டே, "இது மேட்டு ஊரு தம்பி, குக்கர் இல்லாம பருப்பு வேகாது" என்றார்.

பாட்டி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. சொன்னது அசல் இயற்பியல். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கருக்குள் ஆவியை அடைத்து வைப்பதால் 115 டிகிரியைத் தாண்டுகிறது, பருப்பும் மசிகிறது. எட்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள். வீட்டில் முதல் நாள் திறந்த பாத்திரத்திலும் மறுநாள் குக்கரிலும் பருப்பு போட்டுப் பார்த்த பிள்ளைக்கு மறக்கவே மறக்காது.

அந்தப் பாட்டியின் குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பதார்த்தம் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பலும். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். வட்டமாக வராவிட்டாலும் ருசிக்கும். உங்களில் பலர் வீட்டில் இது வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கும் என்று தெரியும். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைத் தட்டத் தெரியும்? ஏழாம் வகுப்பில் கேட்டேன். கை தூக்கியவர்கள் எல்லாம் பெண் பிள்ளைகள்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் எந்தப் பிள்ளையும் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. எட்டாம் வகுப்பானாலும் கூடாது. அப்படியென்றால் மதியப் பசிக்கு என்ன செய்வது? தீ இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. மெல்லிய அவலைக் களைந்து ஐந்து நிமிஷம் விட்டால் ஊறிவிடும், கெட்டி அவலுக்குக் கால் மணி நேரம் போதும். அதில் வெல்லமும் தேங்காயும் வாழைப்பழமும் போடலாம், இல்லையென்றால் தயிரும் உப்பும். பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நம் தோட்டத்து கேரட்டைத் துருவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் கோசுமல்லி. துருவும்போது விரல் பத்திரம். கடைசித் துண்டைத் துருவாமல் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இவற்றை நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துபார்க்க வைத்துவிட்டால், திங்கட்கிழமை பெட்டிக்கடைக்குப் போக மாட்டார்கள். சரி, குறைவாகப் போவார்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டாணி உரிப்பது, அரிசி களைவது, மாவு பிசைவது போதும். பிசைவதை அவர்கள் விளையாட்டு என்றே நினைக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். நாலு, ஐந்து படிப்பவர்கள் முனை மழுங்கிய கத்தியால் வாழைப்பழமும் வேகவைத்த உருளைக்கிழங்கும் நறுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல், நீங்கள் பக்கத்தில் நிற்க, அடுப்பு.

இட்லி மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இங்கே டிசம்பரில் மறுநாள் சாயங்காலம் வரை அசையாமல் கிடக்கும். போர்வை சுற்றுவதும் அடுப்பு மேடையில் வைப்பதும் உங்கள் வித்தை. அந்த வித்தை ஏன் பலிக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்று அதையே அளக்கச் சொல்லுங்கள். (ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பது வீட்டில் பாட்டிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. பின்னக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.) மாவு ஆட்டியதும் ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் பாதிப் பாதி ஊற்றி, மாவு நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பேண்டு போடட்டும். ஒன்றைக் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்திலும், இன்னொன்றை ஜன்னல் ஓரத்திலும் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். மாவில் இருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கதகதப்பு வேண்டும். அவை விடும் வாயுதான் மாவைத் தூக்குகிறது. இதுவும் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது, படமாக.

கிறிஸ்துமஸ் வருகிறது, கேக் இல்லாமல் எப்படி? ஓவன் இருக்கிற வீடு நம்மில் குறைவு. பழைய குக்கர் போதும். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடியிலிருந்து ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடாக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. ரப்பரும் வெயிட்டும் கழற்றியாயிற்றா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள், பிள்ளை சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். தண்ணீரில்லாமல் காய்வதால் குக்கரின் அடி கொஞ்சம் கெடும், அதனால் தினமும் சோறு வைக்கும் குக்கர் வேண்டாம்.

மாவுக்கு ஒன்றரைக் கப் மைதா, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஒரு கப் கெட்டித் தயிர், அரைக் கப் எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா உப்பு. முதலில் தயிரில் சர்க்கரையைக் கரைத்து, அதில் பேக்கிங் பவுடரையும் சோடா உப்பையும் போட்டு ஐந்து நிமிஷம் விடுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்துப் பொங்கும். பிள்ளைகள் கத்துவார்கள், அந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் எண்ணெய், கடைசியில் சலித்த மைதா. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, குக்கருக்குள் வைத்து, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

யூடியூபைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக்கில் வாயு அதிகமாக விரியும். அவர்கள் சொன்ன அளவு பேக்கிங் பவுடரை அப்படியே போட்டால் குபுக்கென்று எழும்பி நடுவில் குழி விழுந்துவிடும். அவர்கள் ஒரு தேக்கரண்டி என்றால் நீங்கள் முக்கால் போடுங்கள், தயிரையோ பாலையோ ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். மேலே நான் எழுதியிருப்பது நம் ஊருக்கு ஏற்கெனவே குறைத்த அளவு. குழி விழுந்த இரண்டு கேக்குகளைத் தின்று தீர்த்த பிறகு கிடைத்த அளவு.

உங்களில் யாராவது வர்க்கி போடும் பேக்கரியில் வேலை செய்தால், பிள்ளையை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாவை மடித்து மடித்து அடுக்கு வர வைப்பதை நான் எவ்வளவு விளக்கினாலும் பார்ப்பது போல ஆகாது.

குளிர் என்பதால் எல்லோரும் ஸ்வெட்டரும் சால்வையுமாகத்தான் அடுப்படிக்கு வருவார்கள். கம்பளி மாதிரி தெரிந்தாலும் கடையில் வாங்கும் ஸ்வெட்டர் பலவற்றில் செயற்கை நூல்தான், தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். சால்வையைக் கழற்றச் சொல்லுங்கள், கையை மடித்துவிடச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் லைட் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வெளியே வந்த பிறகு 1906க்குக் கூப்பிடுங்கள். சுட்டுக்கொண்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அழுவார்கள், பரவாயில்லை. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. இதோடு சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அந்தப் புகையில் உயிரைக் குடிக்கும் வாயு இருக்கிறது, அதற்கு வாடையே கிடையாது.

பள்ளி திறக்கிற அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "என்ன செஞ்சீங்க?" என்று கேட்க மாட்டேன். "எது கெட்டுப்போச்சு?" என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. என் வீட்டில் ஐந்து லிட்டர் பழைய குக்கர் ஒன்று இருக்கிறது. ரப்பரும் வெயிட்டும் எப்போதோ தொலைந்துபோனதால் கேக்குக்கு மிகவும் தோதானது. அதைப் பள்ளி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், ஸ்டாண்டும் உப்பும் சேர்த்து. வேண்டியவர்கள் வேலை நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும், அடியில் இருக்கும் கரியைப் பிள்ளை கையாலேயே தேய்த்து.

அன்புடன்,
தலைமையாசிரியர்